மறதிக்கு டானிக் வேண்டாம், நோட்டு வாங்குங்கள்!

"மறதி ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர், ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்களேன்!" ஆபீஸ் போகிற பலர் இப்படிக் கேட்கிறார்கள். நீங்களும் அந்தக் கட்சியா? அப்படியானால் ஒரே ஒரு கேள்வி. இன்றைக்கு முடிக்காமல் விட்ட வேலைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? "எல்லாம் இங்கே இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுகிறீர்களா? வம்பே அங்கேதான்!

செட்டிநாட்டு நகரத்தார்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை ரங்கூனில், பினாங்கில், கொழும்பில். நடுவே கடல். கடையை நடத்துவது, மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறிப் போன ஏஜெண்டு. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் இப்படி 1,600-க்கும் மேற்பட்ட கடைகள்!

யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், வட்டி என்றைக்கு வர வேண்டும், யாரிடம் மறுபடி கேட்க வேண்டும்... இத்தனையையும் மனசிலா சுமந்தார்கள்? எல்லாம் ஏட்டில்தான். அன்றன்றைக்கு நடந்ததை எழுதி, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்துச் சரிபார்ப்பார்கள். கணக்கு ஊருக்கும் போகும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் கூடமாட இருந்தே இந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டான்.

"அவ்வளவு எழுதியும் பர்மா சொத்து போச்சே?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயின. யுத்தத்தை நோட்டு தடுக்காது. ஆனால் உங்களையும் என்னையும் ராத்திரி புரள வைப்பது யுத்தமா என்ன? 'அந்த பைல் என்னாச்சு?' என்கிற சமாச்சாரம்தானே!

முடியாத வேலை மனசை விடாது. அதை எழுதி வைத்தால் பிடி தளரும். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில், 57 இளைஞர்களை வைத்து நடத்திய ஒரு சின்ன ஆய்வு 2018-ல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஒரு பாதிப்பேர் இனி செய்ய வேண்டியதை எழுதினார்கள். மறுபாதிப்பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிஷம் சீக்கிரமாகத் தூங்கிப் போனார்கள். விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது!

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. ஒரே ஒரு நோட்டு வையுங்கள். துண்டுச் சீட்டு, காலண்டர் மூலை, செல்போன் என்று பத்து இடத்தில் எழுதாதீர்கள். செல்போனில்தான் எழுதுவேன் என்றால் அது மட்டுமே இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று விவரம்: என்ன வேலை, யாரிடம் நிற்கிறது, என்றைக்கு மறுபடி கேட்க வேண்டும். அந்தத் தேதிதான் உயிர். தேதி இல்லாத குறிப்பு வெறும் ஆசை! சாயந்திரம் கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்கி, முடிந்ததை அடியுங்கள், முடியாததற்குப் புதுத் தேதி போடுங்கள்.

"திரும்பத் திரும்பக் கேட்டா தப்பா நினைப்பாங்களே" என்று தயங்குகிறீர்களா? குறித்த தேதியில் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்பது நச்சரிப்பு ஆகாது. ஞாபகம் வரும்போதெல்லாம் பதறிப்போய் கேட்பதுதான் நச்சரிப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் மேஜையில் தூங்குவது ஒரு பெரியவரின் பென்ஷன் மனுவாக இருக்கலாம். "பார்க்கலாம்" என்று சொல்லி நீங்கள் மறந்துவிடலாம். அவர் மறக்க மாட்டார். உங்கள் மறதிக்கு அவர் தூக்கத்தைக் கொடுக்கிறார். "இன்னும் ஆகலைங்க ஐயா, வியாழக்கிழமை சொல்றேன்" என்று சொல்லி, வியாழக்கிழமை சொல்லியும் விடுங்கள். வேலை முடியாவிட்டால்கூட அவர் நிம்மதியாகப் படுப்பார்.

ஒரு எச்சரிக்கை. பழகின வழியே தடுமாறுகிறது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்றால் நோட்டை நம்பி உட்காராதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு எல்லாமே மறதியைக் கொண்டுவரலாம். டாக்டரைப் பாருங்கள். அடுத்து எப்போது வரச் சொன்னார் என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்!