கையை எடுத்துப் பாருங்கள்

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். முயலின் மூஞ்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. நாய் வாலை ஆட்டும், பூனை குறுகுறுக்கும். முயலோ எதற்கும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். 2012இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அடையாளத்துக்காகக் காதில் பச்சை குத்தப்பட்ட முயல்களைக் கவனித்து ஓர் அளவுகோல் உண்டாக்கினார்கள். கண், கன்னம், மூக்கு, மீசை, காது ஆகிய ஐந்தும் மாறுவதை வைத்து வலியைக் கண்டுபிடிக்கலாம். வலியைக் காட்டும் முகம் கிடைத்துவிட்டது. சுகத்தை எதில் பார்ப்பது?

பாளையங்கோட்டையில் உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒரு வெள்ளை முயல் வளர்க்கிறாள். யார் போனாலும் அதை மடியில் மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தடவிக் காட்டுவாள். “சித்தப்பா, எப்படிச் சொகமா கெடக்கு பாருங்க. அசையவே மாட்டேங்கு.”

அந்த அசையாமைதான் வில்லங்கம். நரியிடமோ கழுகிடமோ சிக்கிய முயல், இனி ஓட வழியில்லை என்றானதும் செத்ததுபோல் கிடக்கும். மல்லாத்திப் போட்டாலும் அதே கதைதான். ‘மயக்கிவிட்டேன்’ என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. ஆன் மெக்பிரைடு என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006இல் இங்கிலாந்தில் இதைச் சோதித்தார்கள். முயலின் உடம்பும் பிறகு அது நடந்துகொண்ட விதமும் பயத்தையே காட்டின. பிள்ளையிடம் முயலைத் தரையில் விடச் சொன்னேன். விட்ட வேகத்தில் கட்டிலுக்கடியில் போய்விட்டது. பிள்ளைக்கு என்மேல் கோபம்.

முயலுக்குத் தடவல் பிடிக்காது என்றில்லை. எங்கே, எப்படி என்பதில்தான் விஷயம். நெற்றி, கன்னம், காதடி: கூட்டாளி முயல் நக்கிவிடுகிற இடங்கள் இவை. தாடைக்கடியும் வயிறும் காலும் பெரும்பாலும் ஆகாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதுகூடத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. அங்கே கையை நீட்டினால் திடீரென்று முளைத்த கைதான் அது. பக்கவாட்டில் வந்து தலைக்கு மேலே போங்கள்.

நாலு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இது ஒன்றுதான். பிடித்திருந்தால் மூக்கால் முட்டிக் கேட்கும், தலையைக் கைக்கடியில் நுழைக்கும், அல்லது தாடையைத் தரையோடு வைத்துக் கண்ணைப் பாதி மூடிக் காத்திருக்கும். சில சமயம் தலையில் கை வைத்திருக்கும்போதே பற்கள் மெல்ல உரசுவது விரலுக்குத் தெரியும், அது சந்தோஷம். உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லைச் சத்தமாக அரைத்தால் வலி. கூடவே தீனியும் எடுக்கவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். காதை முதுகோடு ஒட்டி, கண் பிதுங்க உறைந்திருந்தாலோ பின்னங்காலால் தரையை அறைந்தாலோ விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்த வீட்டு முயலுக்குத்தான். களக்காடு, முண்டந்துறைப் பக்கத்துப் புதர்களில் ஓடும் நம் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது. குட்டியே கண் திறந்து, ரோமத்தோடு பிறக்கும். வயலில் அகப்பட்டது என்று அதை வீட்டுக்குக் கொண்டுவருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தடவலும் அதற்குச் சித்திரவதைதான்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. குற்றாலத்துச் சாரல் காற்று எட்டிப்பார்க்கும்வரை இங்கே வெயில் படுத்தும் பாடு தெரியும். முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். முப்பது டிகிரிக்கு மேல் போனாலே திணறும். மே மாத மதியத்தில் மொசைக் தரையில் அது நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்து, தடவுவதற்கு வாகாகக் காட்டுகிறது என்று நினைத்துவிடுவோம். காதைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் தடவலை விடுங்கள். தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும், அது தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.