புகார்ப் பட்டியலும் இரண்டாம் பாகமும்

ஒரு விளையாட்டின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் குழு, முதல் பாகத்தைப் பற்றி வந்த புகார்களைத்தான் முதலில் கையில் எடுக்கும். அதில் தவறில்லை. ஆனால் புகார்களை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடித் தீர்த்த ஐ.ஜி.ஐ. தொடரே சாட்சி.

'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' 2000-இல் வந்தது. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ், தன் போர் விமான சிமுலேட்டருக்காக எழுதிய எஞ்சினைக் கொண்டே இந்த ஷூட்டரையும் செய்தது. கண்ணுக்கெட்டிய தூரம் திறந்துகிடக்கும் நிலப்பரப்பு அப்படித்தான் கிடைத்தது. மொத்தம் 14 மிஷன்கள். நடுவில் சேவ் கிடையாது, மல்டிபிளேயரும் கிடையாது. அலாரம் அடித்துவிட்டால் சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

மேல்சித்தாமூரிலிருந்து பஸ் பிடித்து, திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை ஆடிய பையன்களில் நானும் ஒருவன். ஒரு மணி நேரத்துக்குத்தான் கையில் காசு இருக்கும். கடைசி வேலி வரை வந்திருப்போம். கோபுரத்தில் நின்றவனைக் கவனிக்காமல் விட்டதில் மொத்த மிஷனும் போய்விடும். ஊர் திரும்பியதும் தேரடி மண்ணில் குச்சியால் அந்த முகாமை வரைவோம். இங்கே கேமரா, அங்கே அலாரம் பட்டன், இந்த ஏணியில் ஏறினால் இரண்டு பேரும் கண்ணில் படுவார்கள். அடுத்த ஞாயிறு அந்தத் திட்டத்தோடு போவோம். விளையாட்டில் பாதி அந்த மண்ணில்தான் நடந்தது.

2003-இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியீடாக 'ஐ.ஜி.ஐ. 2: கோவர்ட் ஸ்ட்ரைக்' வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது: எண்ணிக்கை வரம்போடு சேவ், மல்டிபிளேயர், 19 மிஷன்கள், கூடுதல் துப்பாக்கிகள். ஆனாலும் எங்களுக்கு ஏமாற்றம்தான். ஆபத்தான கதவுக்கு முன்னால் ஒரு சேவ் போட்டுக்கொண்டோம். செத்தால் மறுபடி அதே கதவு. யோசிக்க வேண்டிய இடத்தில் முட்டிமோதிப் பார்த்தோம். தேரடியில் யாரும் படம் வரையவில்லை. மல்டிபிளேயருக்கோ பக்கத்து மேசைகளில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே திருத்தியிருக்க வேண்டிய காவலர்களின் செயற்கை அறிவு போதுமான அளவு திருந்தவில்லை.

சேவ் கூடாது என்று நான் வாதாடவில்லை. அரை மணி நேர உழைப்பை ஒரு குண்டில் இழப்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த இழப்பின் பயம்தான் ஆடுபவரைத் திட்டம் போட வைத்தது. பயத்தை எடுப்பதென்றால், திட்டம் போட வேறொரு காரணத்தை நாம்தான் தர வேண்டும். முகாமைப் பைனாகுலரில் நோட்டம் பார்க்கும் மேட்டில் மட்டும் சேவ் செய்ய விட்டிருக்கலாம். புகாரும் தீர்ந்திருக்கும், ஆட்டத்தின் உயிரும் தங்கியிருக்கும்.

2003-லேயே இன்னர்லூப் மூடப்பட்டது. செய்த பிழையைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு மூன்றாம் பாகம் வாய்க்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் இறங்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புகார்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளையும் வையுங்கள். கணினியை அணைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் ஆடியவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள் என்று விசாரித்து, அதில் எழுதுங்கள். பட்டியலில் உள்ளதை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். அந்தத் தாளில் உள்ளதை மட்டும் காப்பாற்றுங்கள்.