திரையைப் பார்ப்பதா, முகத்தைப் பார்ப்பதா?

மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கச் செல்கிறோம். கட்டிலருகே உட்கார்ந்ததும் நம் கண் தலைமாட்டில் உள்ள திரைக்குத்தான் போகிறது. 97 என்று இருந்த எண் 94-க்கு இறங்கினால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே வரும் தாதியோ முதலில் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், கையைத் தொடுகிறார், சொட்டு மருந்துக் குழாயைச் சரிபார்க்கிறார். திரையை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். “சரியாகப் பார்க்கவே இல்லையே” என்று நமக்குக் குறை.

பெரும்பாலும் அது அலட்சியம் அல்ல, பயிற்சி. விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும், கை குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு அடர்த்தியாக இருந்தாலும் ஆக்சிஜன் எண் தவறலாம். அதே கையில் இரத்த அழுத்தப் பட்டை இறுகும்போது எண் இறங்கி, பட்டை தளர்ந்ததும் தானே ஏறும். உதடு நீலம் பூத்திருக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதையெல்லாம் நோயாளியைப் பார்த்தால்தான் தெரியும்.

அறுவைச் சிகிச்சை அறையில் மயக்க மருந்து நிபுணரின் பாடு இன்னும் சிரமம். மருந்து செலுத்த வேண்டும், குழாய்களைக் கவனிக்க வேண்டும், குறிப்பும் எழுத வேண்டும். பார்வை போகும் இடத்தைப் பதிவுசெய்யும் கண்ணாடியை இவர்களுக்கு அணிவித்து ஆய்வுகள் நடந்துள்ளன. எல்லாம் சீராக இருக்கும்போது திரைக்குக் கிடைப்பது பார்வை நேரத்தில் சிறு பகுதிதான். சிக்கல் வரும்போது அது கூடுகிறது.

மீதி நேரத்தில் காது காவல் காக்கிறது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ ஆவோயாகி கண்டறிந்த முறையில் இயங்குவதுதான் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி. அறுவை அறைகளில் அது ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒலிக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். சுருதி இறங்கியதும் நிபுணரின் தலை தானாகத் திரும்பும்.

ஆனால் ஒலி அளவுக்கு மிஞ்சினால் காதும் மரத்துப்போகும். தேவையற்ற எச்சரிக்கை மணிகளுக்கு நடுவே உண்மையான ஆபத்து கவனிக்கப்படாமல் போகலாம். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2014 முதல் எச்சரிக்கை ஒலிகளைச் சீர்படுத்துவதை நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாக வைத்தது இதனால்தான்.

கட்டிலருகே இருக்கும் நாம் என்ன செய்யலாம்? மணி அடித்தால் நாமே பொத்தானை அழுத்தி நிறுத்தக்கூடாது. தாதியை அழைக்க வேண்டும். எண் இறங்கினால் கிளிப் சரியாக இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. மருத்துவமனைக்குப் போகுமுன் நகப்பூச்சை அகற்றிவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைப் பாருங்கள். “எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் அம்மா வழக்கம்போல் இல்லை, பேச்சு குழறுகிறது” என்று நீங்கள் சொல்வது தாதிக்கு மிக முக்கியமான தகவல். அம்மா வழக்கமாக எப்படி இருப்பார் என்பது அந்தத் திரைக்குத் தெரியாது.