முகாமையாளர் முதலில் குளத்தடிக்குப் போகட்டும்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி அக்கராயனுக்குப் போகிற வழியில் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. வீடு, கிணறு, உள்வீதி, பாடசாலைக் கட்டடம் என்று எது எழுந்தாலும் அதன் முன்னால் நிதி தந்தவர் பெயரை எழுதி நட்டிருப்பார்கள். 2008 ஒக்ரோபரில் போர் இந்த ஊரை விழுங்கியது. இடம்பெயர்ந்து, முகாம்களில் அடைபட்டு, பிறகு மீளக்குடியேறிய மக்களுக்கு வந்து சேர்ந்த உதவிகளில் பெரும்பாலானவை செயற்றிட்டம் என்ற உருவத்திலேயே வந்தன. தொடங்கும் திகதி, முடியும் திகதி, தொகை, பயனாளிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்தே அவை திட்டமிடப்பட்டன; அந்த நான்கையும் வைத்தே வெற்றி என்றோ தோல்வி என்றோ தீர்ப்பும் எழுதப்பட்டது. இந்த வரவோடு வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு தொழிலும் வந்தது. கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, இணைப்பாளராகி, செயற்றிட்ட முகாமையாளராக உயர்கிற பாதை அது.

இந்தப் பாதையில் இறங்க விரும்புகிறவர்கள் இன்று அதிகம். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. அங்கேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. பட்டத்தோடு ஒரு செயற்றிட்ட முகாமைத்துவச் சான்றிதழும் கையில் இருந்தால் நல்லது என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் கற்க வேண்டியது, திட்டம் முடிந்த பின் அதோடு வாழப்போகிறவர்களிடம் கேட்டு அறிகிற வேலையை. அதை நல்ல சுபாவம் என்று பாராட்டிவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறோம். மதிப்பீடு போடுவதையும் கால அட்டவணை வரைவதையும் போல அதுவும் பயின்று தேற வேண்டிய தொழில் நுணுக்கம். அமெரிக்காவில் 1969 இல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவனமே இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் பி.எம்.பி. சான்றிதழ்ப் பரீட்சையின் பாடப்பரப்பை 2021 இல் மாற்றியபோது வினாக்களில் 42 சதவீதத்தை மனிதர் என்ற பகுதிக்கு ஒதுக்கினார்கள். செயன்முறைக்கு 50, வணிகச் சூழலுக்கு 8. அந்தப் பகுதியில் வரும் மனிதர்களில் பெரும்பாலோர் முகாமையாளரின் கீழ் வேலை செய்கிற குழுவினர். வன்னியில் இந்த வட்டம் இன்னும் விரிய வேண்டும். இங்கே ஒரு திட்டத்தை ஆக்கவோ நிறுத்தவோ வல்லவர்கள் குழுவுக்கு வெளியே, வரப்பில் நிற்கிறார்கள்.

இதற்கு இரணைமடுவை விடத் தெளிவான சான்று தேவையில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்குக் குழாய்நீர் வழங்கும் திட்டத்தை ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் அங்கீகரித்தது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் கெட்டுவருகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. அங்குள்ளவர்களின் தாகம் நியாயமான தாகம். இரணைமடுக் குளத்தின் அணையை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தி, கூடுதலாகத் தேங்கும் நீரை வடக்கே கொண்டுபோகலாம் என்று திட்டமிட்டார்கள். காகிதத்தில் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் கிளிநொச்சிக் கமக்காரர் கேட்டது வேறொரு கேள்வி: மழை பொய்த்த ஆண்டில் முதலில் யாருக்கு நிறுத்துவீர்கள்? குளம் நிறைந்த ஆண்டுகளிலும் சிறுபோகத்தில் வயல்கள் எல்லாவற்றையும் விதைக்க நீர் போதாது என்பதைப் பரம்பரையாகக் கண்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் நம்பக்கூடிய பதில் வரவில்லை. 2013 இல் எதிர்ப்பு வலுத்தது. மாகாண சபை தலையிட்டது, திட்டம் தடைப்பட்டது. கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் என்று முடிவாயிற்று. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய அந்த நிலையம் திறந்துவைக்கப்பட்டது 2024 ஓகஸ்ட்டில். திட்டம் அங்கீகரிக்கப்பட்டதற்கும் அதற்கும் இடையில் 14 ஆண்டுகள்.

பொறியியலாளர் ஒருவர் இதை மறுத்துச் சொல்லக்கூடும்: வாய்க்கால்களைச் சீர்செய்தால் வீணாகிற நீரே குடிநீருக்குப் போதும், கமக்காரரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை, அரசியல்வாதிகள் அதை ஊதிப் பெருப்பித்தார்கள். இதில் உண்மை இருக்கிறது. வாய்க்காலில் நீர் வீணாவதை எந்தக் கமக்காரரும் மறுக்கமாட்டார். ஆயினும் அச்சம் ஒன்று ஒரு மாவட்டம் முழுவதும் பரவியிருக்கிறதென்றால், திட்டத்தை நடத்துகிறவருக்கு அது மண்பரிசோதனை அறிக்கையைப் போன்ற ஒரு தரவு. இறுகாத மண்ணில் அத்திவாரம் போட எந்தப் பொறியியலாளரும் துணியமாட்டார். அந்தக் கேள்வியை 2009 இல், கடன் ஒப்பந்தம் எழுதப்படும் முன்பே, கமக்காரர் அமைப்புகளோடு இருந்து பேசி, வறட்சி ஆண்டுக்கான பங்கீட்டை எழுத்தில் தந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு விடைகள்தான் இருக்கின்றன. உடன்பாடு கிடைத்திருக்கும், அல்லது இரணைமடு சாத்தியமில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்து, கடல்நீர்த் திட்டத்தைச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் குடிநீர் முன்னரே வந்திருக்கும். 2009 இல் அந்தக் கமக்காரர்களில் பலர் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களைக் கேட்காமல் திட்டங்கள் வகுக்கப்பட்டதற்கு அவசரம் மட்டும் காரணமல்ல. கேட்கப்பட வேண்டியவர்களாக அவர்கள் கருதப்படவே இல்லை. தாளையடியிலும் அந்தப் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. கழிவு உவர்நீர் கடலில் சேர்ந்தால் மீன்பாடு என்னவாகும் என்று அங்குள்ள கடற்றொழிலாளர் தெருவில் இறங்கிக் கேட்க நேர்ந்தது.

எதிர்ப்புறச் சான்று இந்திய வீட்டுத்திட்டம். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டி 2012 இல் கையளித்தார்கள். அதே ஆண்டு காந்தி பிறந்த நாளில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் வந்தது. வீட்டுக்காரரே கட்டினார், அல்லது மேசன் பிடித்துக் கட்டுவித்தார். செஞ்சிலுவை, ஐ.நா. வாழ்விட அமைப்பு போன்ற நிறுவனங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி, அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்து அடுத்த தவணையை விடுவித்தன. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 குடும்பங்களுக்கென வகுத்த கட்டம் இது. சாமியறை எந்தப் பக்கம், குசினி உள்ளேயா வெளியேயா, பிள்ளை கலியாணம் கட்டினால் எந்தச் சுவரை உடைத்து அறை இறக்குவது என்பதெல்லாம் வீட்டுக்காரர் தீர்மானித்தவை. இத்தகைய திட்டத்தில் முகாமையாளரின் நாள் எப்படிப் போகும் என்பதை இத்தொழிலுக்கு வருகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கட்டும்போது மணலுக்கும் மரத்துக்கும் விலை ஏறும், மேசன்மாருக்குத் தட்டுப்பாடு வரும், மணல் அனுமதிக்குப் பிரதேச செயலகத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டில் சுவர் எழும்பாமல் கிடந்தால், அங்கே நோயா, கடனா, காணி உறுதியில் தகராறா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அட்டவணையில் இவை எல்லாவற்றுக்கும் 'தாமதம்' என்ற ஒரே பெயர்தான்.

இந்த முறைக்கு எதிராக வைக்கப்படும் குற்றச்சாட்டு பாரதூரமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஐந்தரை இலட்சம் போதவில்லை. பலர் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். கணவனைப் போரில் இழந்த பெண், ஊனமுற்றவர், முதியவர் ஆகியோருக்குத் 'தானே கட்டிக்கொள்' என்பது சுமையை இறக்கிவைக்காமல் கைமாற்றிவிடுவதாக முடிந்தது. மக்களை மையமாக வைத்தல் என்பது மக்களின் தலையில் கட்டிவிடுதல் என்று எங்கெல்லாம் விளங்கிக்கொள்ளப்பட்டதோ அங்கெல்லாம் கடன் பெருகியது. ஆனால் இந்தக் குறை எங்கே இருந்தது என்று பார்த்தால், தொகையைத் தீர்மானித்தவர்கள் அந்தக் குடும்பங்களின் கையிருப்பையும் உழைப்பாளிகளின் எண்ணிக்கையையும் கேட்காததில் இருந்தது. வேலையாள் இல்லாத வீட்டுக்கு வேறு தவணை, வேறு உதவி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த முகாமையாளர் இன்னும் ஆழமாகக் கேட்டவராக இருப்பார். அதற்கு மாறாக 2016 அளவில் அரசு முன்வைத்த 65,000 இரும்பு வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். உற்பத்தி ஆலையில், பொருத்துவது மட்டுமே ஊரில். வேகமாகக் கட்டலாம் என்றார்கள். வெப்பம், ஆயுட்காலம், பிறகு அறை சேர்க்க முடியாமை, உள்ளூர் மேசனுக்கு வேலை இல்லாமை என்று பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எடுத்துச் சொன்னார்கள். அந்தத் திட்டம் முன்மொழியப்பட்ட வடிவில் நிறைவேறவே இல்லை. வேகத்தை வாக்களித்த திட்டம் விவாதத்திலேயே ஆண்டுகளைக் கழித்தது.

கேட்பதை ஒரு தொழிலாகவே பயிற்றுவிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரைக் கால்வாய்த் திட்டத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகப் பயிற்றி, வாய்க்கால் ஓரக் கிராமங்களிலேயே குடியிருக்க அனுப்பின. அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரு வயல்வாய்க்காலில் நீர் எடுக்கிற பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து, அவர்களே வாய்க்காலைத் துப்புரவாக்கவும் முறைவைத்து நீர் பாய்ச்சவும் தூண்டினார்கள். 1981 இல் வேலை தொடங்கியபோது குளத்தில் கால்வாசி நீர்தான். அந்தப் பற்றாக்குறைப் பருவத்தில் மேல்வாய்க்காலில் இருந்த சிங்களக் கமக்காரர் தங்கள் முறையைக் குறைத்து, கடைசி வயல்களுக்கு, தமிழ்க் கமக்காரரின் வயல்களுக்கும் சேர்த்து, நீர் விட்டார்கள். இந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொவ் 1992 இல் நூலாக எழுதினார்; உலகெங்கும் நீர்ப்பாசனம் படிப்பவர்கள் அதை அறிவார்கள், நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது கவலைக்குரிய கேள்வி. அந்தத் திட்டத்தின் பலவீனத்தையும் அதே நூல் மறைக்கவில்லை. அமைப்பாளர்களின் பதவி ஒப்பந்தப் பதவி. நிரந்தர ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது பயின்று தேறியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு நிரந்தரமான ஒரு நாற்காலி இல்லாதது இன்றைக்கும் வன்னியில் மாறவில்லை. நிதியாண்டு முடிந்ததும் கள உத்தியோகத்தர் போகிறார். அவரோடு ஊரைப் பற்றிய அறிவும் போகிறது. அடுத்த நிறுவனம் அதே வீட்டுக் கதவைத் தட்டி அதே படிவத்தை நிரப்புகிறது.

மக்கள் என்று சொல்லிச் சங்கத் தலைவர்கள் நாலு பேரின் குரலைத்தான் கேட்கப்போகிறீர்கள் என்பது மற்றொரு மறுப்பு. இதை வன்னியை அறிந்த எவரும் தள்ளிவிட மாட்டார். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்து தந்தது, நல்லது. ஆனால் காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. வயலைக் குத்தகைக்குச் செய்கிறவருக்கும், குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்ணுக்கும் கூட்டத்தில் குரல் மெலிவு. பேச்சுவன்மை உள்ளவர் பேசிவிட்டுப் போனால் தீர்மானம் முடிந்துவிடும். இந்த மறுப்பு எனது வாதத்தை வீழ்த்தவில்லை, அதற்கு ஆழம் கூட்டுகிறது. யார் கூட்டத்துக்கு வரவில்லை, வந்தவர்களில் யார் வாய் திறக்கவில்லை, ஏன் என்று கண்டறியத் தெரிவதே இந்த நுணுக்கத்தின் கடினமான பகுதி. ஒரு பொதுக் கூட்டம் வைத்து, வரவுப் பதிவில் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து அறிக்கையில் ஒட்டுவதைக் 'கலந்தாலோசனை' என்று கொள்கிற முகாமையாளர் அந்த வேலையைத் தொடங்கவே இல்லை.

ஆகவே அறிவியல்நகர்ப் பீடங்களிடம் ஒரு வேண்டுகோள். செயற்றிட்ட முகாமைத்துவம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் ஒரு போகம் முழுவதும், பயிர்ச்செய்கைக் கூட்டம் முதல் அறுவடை வரை, ஒரு குளத்தின் கமக்காரர் அமைப்போடு இருக்கட்டும். அக்கராயன்குளம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, நீர் எப்போது திறப்பது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது, மீறினால் என்ன தண்டம் என்று தீர்மானிப்பார்கள். நோக்க எல்லை, கால அட்டவணை, வளப் பங்கீடு, இடர் முகாமை என்று மாணவர் குறிப்பெடுக்கிற தலைப்புகள் அத்தனையும் அங்கே உயிரோடு நடக்கின்றன. தீர்மானித்த அளவை மீறி விதைப்பவர் ஏன் மீறுகிறார் என்பதையும், கடைசி வயலுக்கு நீர் ஏன் எட்டவில்லை என்பதையும், துருசடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நின்று மாணவர் கண்டு எழுதட்டும். அதற்குப் பரீட்சைக்குரிய புள்ளி கிடைக்கட்டும். நிதி தருகிறவர்களிடமும் மாகாணத் திணைக்களங்களிடமும் கேட்க வேண்டியது இரண்டு. கையளித்த நாளோடு முகாமையாளரின் மதிப்பீட்டை மூடாமல், இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கிணறு, அந்த வாய்க்கால், அந்தக் களஞ்சியம் யார் கையில் எப்படி இருக்கிறது என்று பார்த்து மதிப்பிடுங்கள். மக்களோடு இருக்கிற களப் பதவியை மாவட்டச் செயலகத்தில் நிரந்தரப் பதவியாக்குங்கள். இரண்டாவதற்கு அரசாங்கச் சுற்றறிக்கையும் நிதியும் வேண்டும், காலம் எடுக்கும். மாணவர் விடயத்துக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த காலபோகக் கூட்டத்தின் பின்வரிசையில் பத்து மாணவர் குறிப்பேட்டோடு உட்கார, பீடாதிபதியிடமிருந்து அரசாங்க அதிபருக்கு ஒரு கடிதம் போனால் போதும்.