சிலம்பத்துக்குச் சம்பளம் கேட்டால் ஏன் கசக்கிறது?

சேரியிலிருந்து ஒரு சிலம்ப ஆசான் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, "மாதம் ஆயிரம் ரூபாய், வாரம் மூன்று வகுப்பு" என்று அறிவித்தால் போதும். "கலையைக் காசுக்கு விற்கலாமா?" என்று கேட்க ஆள் வந்துவிடுகிறது. கேட்பவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

கர்நாடக சங்கீதத்தை ஸ்கைப்பில் அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து டாலரில் கட்டணம் வாங்குவது கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. பரதநாட்டியமும் அப்படித்தான். அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அங்கே அது குருவுக்குச் செய்யும் மரியாதை. இங்கே மட்டும் வியாபாரம். பறைக்கும் இதே கதைதான். சாவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாயமாக அடிக்க வைத்து, கொஞ்சம் நெல்லும் சாராயமும் கொடுத்து அனுப்பியபோது அதை யாரும் விற்பனை என்று சொல்லவில்லை. பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள். இன்று பறைப் பயிற்சிப் பட்டறைக்குக் கட்டணம் வைத்தால் மட்டும் கலையின் புனிதம் நினைவுக்கு வருகிறது. சேரி ஆசானின் சிலம்பத்துக்கும் ஊர்த் திருவிழாவில் கிடைத்தது ஒரு துண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு வேளைச் சோறு. இலவசமாகச் செய் என்று நமக்குச் சொல்லப்படும்போதெல்லாம், அதைச் சொல்பவர் எதற்கு இலவசமாக வேலை செய்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சிலம்பம் ஒரு சாதியின் சொத்து என்று நாம் சொல்லவில்லை. முக்குலத்தோர், நாடார், மீனவர், இஸ்லாமியர், தலித்துகள் எனப் பலரும் ஆடிய கலை அது. இன்று அதற்கு மதிப்பும் கூடியிருக்கிறது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3% ஒதுக்கீட்டில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மதிப்பு கூடினால் சந்தை வரும். சந்தை வந்ததும் விளம்பரமும் வந்தது: 'மன்னர் பரம்பரைக் கலை', 'சத்திரியப் போர்முறை', 'ஐந்து தலைமுறை ஆசான் குடும்பம்'. காலனி மைதானத்தில் கற்ற ஆசானிடம் இப்படி அச்சடித்த பரம்பரை எதுவும் கிடையாது. அவருக்குத் தெரிந்தது காலடி, வீச்சு, எதிராளியின் தோள் அசைவை வைத்தே அடி எங்கே விழும் என்று சொல்லும் கண். இவற்றை விளம்பரத்தில் காட்ட முடியாது.

இங்கேதான் இணையவழி வகுப்பு உண்மையில் எதையோ மாற்றுகிறது. ஊரில் கம்பு சுற்ற இடம் வேண்டும். கோயில் திடல் ஊர்க்காரர்களுடையது, பள்ளி மைதானத்துக்குத் தலைமையாசிரியரின் தயவு வேண்டும், காலனியிலோ பொது இடமே இருக்காது. "அந்த வாத்தியாரிடமா பிள்ளையை அனுப்புவது?" என்று தயங்கும் பெற்றோரின் பிள்ளையும் திரையின் வழியாக வந்து, "மாஸ்டர், மணிக்கட்டு வலிக்குது" என்று கேட்கிறது. சாதி போய்விட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம். பெயரையும் ஊரையும் கேட்டு, தெருவைக் கண்டுபிடித்து, மறுமாதம் கட்டணம் கட்டாமல் நின்றுவிடுபவர்களும் உண்டு. ஆனால் திடலுக்காக யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமல்ல.

வகுப்பு எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நெற்றி உயரக் கம்பை வீட்டுக்குள் சுற்றினால் மின்விசிறி போய்விடும். அதனால் மொட்டை மாடி, இல்லையென்றால் குட்டைக் கம்பு. எதிரே முகம் காட்டி நின்றால் மாணவருக்கு இடவலம் குழம்பும் என்பதால் ஆசான் முதுகைக் காட்டி நின்று காலடி எடுத்துவைக்கிறார். மாணவர் தன் பயிற்சியைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஆசான் குரல்பதிவில் திருத்துகிறார். காலடியும் ஒற்றைக் கம்பு வீச்சும் இப்படி வரும். எதிரெதிர் நின்று மோதும் சண்டை வராது. அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், பக்கத்தில் ஆசான் வேண்டும். 'முப்பது நாளில் முழுச் சிலம்பம்' என்று விற்பவர் யாராக இருந்தாலும், நம் ஆளாக இருந்தாலும், அது ஏமாற்று. 'உங்கள் மகளுக்குப் பாதுகாப்பு' என்று பயத்தைக் காட்டி விற்பதும் நமக்கு உடன்பாடில்லை. நம் பெண்கள் மீதான வன்கொடுமைக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்துவதுதான் பதில். கம்பு கூடுதல் துணிச்சல் தரும், அவ்வளவுதான்.

இனி காசு. யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டினால் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55% நமக்கு. பெரும்பாலான ஆசான்கள் அந்தப் படியை ஏறுவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். யுடெமி போன்ற தளங்களில் ஆசிரியர் தானே அழைத்து வந்த மாணவர் என்றால் 97%, தளம் தேடித் தந்த மாணவர் என்றால் 37% என்ற கணக்கு நெடுநாள் இருந்தது. எல்லாத் தளங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான்: கூட்டம் யார் கையில் இருக்கிறதோ, லாபம் அவருக்கு. ஆகவே 20 மாணவர்களை நேரடியாக வைத்து, ஜிபேயில் மாதக் கட்டணம் வாங்கும் ஆசானே நாங்கள் அறிந்தவரை நிம்மதியாக இருக்கிறார்.

நிம்மதியில்லாதவர் காணொளி நிறுவனத்துக்கு ஆடிக் காட்டியவர். நாங்கள் அறிந்த ஓர் ஆசான் இரண்டு நாள் படப்பிடிப்புக்குப் போய் ஒரு தொகை வாங்கி, படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டு வந்தார். அந்தப் பாடங்கள் இன்றும் விற்கின்றன. திரையில் அவர் உடல் மட்டும் இருக்கிறது. விளக்கக் குரல் வேறொருவருடையது, பெயர் எங்கும் இல்லை.

சட்ட மாணவர்கள் இதைக் கவனியுங்கள். சிலம்ப அடிகளுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. ஆனால் படம்பிடித்த காணொளி, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருடையது. அதே சட்டம் 'நிகழ்த்துநர்' என்று ஒருவரை அடையாளம் காண்கிறது. நடிகர், பாடகர் வரிசையில் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட அந்த வரையறையில் இருக்கிறார்கள். (நாட்டின் சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கு உரிமை கொடுத்து எழுதிய இடங்கள் அதிகமில்லை.) விரிவுரை செய்பவரும், எந்த நிகழ்த்துதலையும் செய்யும் எவரும் அதில் அடக்கம். 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போனது: படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்துவிட்டாலும், வணிகப் பயன்பாட்டுக்கு நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு. நிகழ்த்தியவர் தான்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் உண்டு. ஆசான்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

அம்பேத்கர் 1920களில் சமதா சைனிக் தளத்தை அமைத்தபோது, கட்டுப்பாடான உடலும் அமைப்பாகத் திரண்ட ஆட்களும் சேர்ந்தே வேண்டும் என்று அறிந்திருந்தார். நம் ஆசான்கள் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் ஐந்து ஆசான்கள் சேர்ந்தால் ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு பொது யூடியூப் பக்கம், மாணவர் சேர்க்கைக்கு ஒரே எண் போதும். கணக்கு எழுதவும் காணொளி வெட்டவும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவரிடம் முழுக் கட்டணம் வாங்கி, காலனிப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் நேரில் சொல்லிக்கொடுக்கலாம். எது இலவசம் என்பதை ஆசான்களே முடிவு செய்யட்டும்.

அதுவரை, உங்கள் பகுதியில் ஓர் ஆசானைத் தெரிந்தால் இந்த வாரம் போய்ப் பாருங்கள். எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். தாள் இருந்தால் படியெடுத்து, கூடவே உட்கார்ந்து தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். தாள் இல்லை என்றால், காணொளி எந்தத் தளத்தில், என்ன விலைக்கு விற்கிறது என்று தேதியோடு திரைப்படம் எடுத்து வையுங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.