கணக்கைத் தமிழில் தாருங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம்

தலைவர் அவர்கள்,
இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு,
கொழும்பு.



கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். சிறிய அளவில் பங்குகளும் வைத்திருக்கிறேன். இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வன்னியில் பங்குப் பேச்சு கூடியிருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கண்டவர்களுக்கு, 2024இல் கிடைத்த 8 வீதம் பிச்சைக்காசாகத் தெரிந்தது. மறுபக்கம் கொழும்பு பங்குப் பரிவர்த்தனையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2025இல் 20,000ஐத் தாண்டியது. 2020 செப்டெம்பரில் அந்தப் பரிவர்த்தனையின் செயலி வந்த பிறகு, கணக்குத் திறக்கப் பஸ் ஏறி யாரும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. காலபோக நெல் விற்ற காசும் கனடாவிலிருந்து பிள்ளை அனுப்பிய காசும் விசுவமடுவில் இருந்தபடியே பங்காக மாறிவிடுகின்றன. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். சேமிப்பு என்றால் நகையும் சீட்டும் மட்டும்தான் என்றிருந்த மண் இது.

ஆனால் வாங்குவது இலகுவான அளவுக்கு, வாங்கும் கம்பனியைப் படிப்பது இலகுவாகவில்லை.

போன வருடம் அயலவர் ஒருவர் போனை நீட்டினார். "மாஸ்டர், பெரிய கம்பனி. நூறு ரூபாவுக்கு மேல நிண்டது, இப்ப இருபதை ஒட்டிக் கிடக்குது. அள்ளிப் போடட்டோ?" அவர் காட்டியது ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ். 2024 இறுதியில் அந்தக் கம்பனி தன் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. பத்து மடங்கு பங்கு, பத்தில் ஒரு பங்கு விலை. கம்பனியின் பெறுமதியில் ஒரு சதமும் மாறவில்லை. அவர் பார்த்த வரைபடத்தில் மட்டும் விலை கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இருந்தது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் "பங்கு பிரிக்கப்பட்டது" என்று இரண்டு சொல் தமிழில் இருந்திருந்தால், அவர் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டார். அவர் வாங்கினாரா இல்லையா என்பது அவருடைய சொந்த விடயம். தவறான காரணத்துக்காக வாங்கப் போனார் என்பதுதான் என் கவலை.

காலாண்டு அறிக்கைகளுக்கு வருவோம். பட்டியலிடப்பட்ட கம்பனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் (கடைசிக் காலாண்டுக்கு இரண்டு மாதம்) கணக்கு வெளியிட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், போன் திரையில் எறும்பளவு எழுத்தில். இலக்கங்கள் ஆயிரங்களில் என்று மேலே ஒரு மூலையில் போட்டிருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது கழித்தல் என்பது பலருக்குத் தெரியாது. "குழுமம்", "கம்பனி" என்று இரண்டு நிரல்கள், எதைப் பார்ப்பது? பங்குக் குறியீட்டின் வாலில் "என்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வாக்குரிமை உண்டு, "எக்ஸ்" என்றால் இல்லை. ஒரே வங்கியின் இரண்டு பங்குகள் இரண்டு விலையில் விற்பதற்கு அதுவே காரணம். இதையெல்லாம் சாதாரண சனம் எங்கே போய்ப் படிப்பது?

இந்த இடைவெளிக்குள்தான் "எளிய" ஆய்வுக் கருவிகள் நுழைகின்றன. பச்சை என்றால் வாங்கு, சிவப்பு என்றால் வில், பத்துக்கு எட்டுப் புள்ளி. ஓர் உதாரணம் சொல்கிறேன். பங்கின் விலை 30 ரூபா, பங்கொன்றுக்கான உழைப்பு 10 ரூபா. விலை உழைப்பு விகிதம் 3. கருவி பச்சை காட்டும். ஆனால் அந்தப் பத்தில் எட்டு ரூபா, காணியொன்றை விற்று ஒரேயொரு தடவை வந்த இலாபம் என்று வையுங்கள். வியாபாரத்தில் உழைத்தது இரண்டே ரூபா, விகிதம் 15. என் மாணவன் இதைக் காசுப்பாய்ச்சல் கூற்றைப் பார்த்துக் கண்டுபிடிப்பான். பச்சைப் புள்ளி அதைச் சொல்லாது. படிக்க வேண்டியதை எளிதாக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு, படிக்கவே தேவையில்லை என்று நம்ப வைக்கும் கருவி எனக்கு வேண்டாம்.

எங்கள் பக்கத்துச் சனம் ஏமாறுவதற்கென்று பிறந்ததல்ல. நுண்கடன்காரர் வாசலுக்கு வந்து தமிழில் பேசினார்கள். அந்தக் கடன் எங்கள் குடும்பங்களை எப்படி நசுக்கியது என்பது உங்களுக்கும் தெரியும். மத்திய வங்கி 2023இல் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று அறிவித்த ஒன்மக்ஸ் டிரி, எம்ரிஎவ்ஈ போன்றவையும் விளங்கும் மொழியில்தான் ஆட்களைச் சேர்த்தன. முறையாகப் பதிவு செய்து, கணக்காய்வு செய்து, வரி கட்டும் கம்பனி மட்டும் ஆங்கிலத்தில் பேசுகிறது. கள்ளனுக்கு இருக்கும் மொழி வசதி நல்லவனுக்கு இல்லாமல் போவது என்ன நியாயம்?

அமெரிக்காவில் உங்களைப் போன்ற ஆணைக்குழு 1998இலேயே, முதலீட்டாளருக்கான ஆவணங்களின் முக்கிய பகுதிகள் எளிய ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. அதற்கான கைநூலுக்கு முன்னுரை எழுதிய வாரன் பஃபெட், தன் சகோதரிகளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டே பங்குதாரருக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தார். நமக்குத் தேவை அதைவிடச் சின்னது. ஒவ்வொரு காலாண்டு அறிக்கையோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம், எல்லாக் கம்பனிக்கும் ஒரே படிவத்தில்: வருமானம் எவ்வளவு, இலாபம் எவ்வளவு, அதில் ஒரு தடவை மட்டும் வந்தது எவ்வளவு, கடன் எவ்வளவு, கையில் வந்த காசு எவ்வளவு, பங்கு பிரிப்போ உரிமை வழங்கலோ நடந்ததா, கணக்காய்வாளர் ஏதாவது முணுமுணுத்தாரா. அதே இலக்கங்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுக் கோப்பாக இலவசமாகப் போட்டுவிட்டால், கருவி செய்ய எங்கள் பிள்ளைகளே போதும். புள்ளி போடுகிறவர்கள் எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

மொழிபெயர்ப்பில் பிழை வந்தால் வழக்கு வருமே என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். பாராளுமன்றச் சட்டங்களின் கடைசி வரியைப் பாருங்கள்: முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். அந்த வரியோடு வாழப் பழகியவர்கள் நாங்கள். இங்கே ஆங்கில உரை மேலோங்கட்டும். எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

சொல் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தேய்மானம், வருமதி, ஒதுக்கம், காசுப்பாய்ச்சல் எல்லாவற்றையும் அரசாங்கப் பாடத்திட்டமே பல தசாப்தங்களாகத் தமிழில் கற்பித்துப் பரீட்சை வைக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. படிவத்தைச் சரிபார்க்க அவர்களை அழையுங்கள்.

எல்லாக் கம்பனிகளையும் ஒரே நாளில் கேட்கவில்லை. எஸ் அண்ட் பி எஸ்எல் 20 சுட்டெண்ணில் உள்ள இருபதோடு தொடங்கலாம். யூன் காலாண்டுக் கணக்குகள் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் வந்துவிடும். அதற்கு முன் மாதிரிப் படிவம் ஒன்று தேவையென்றால், என் வகுப்பில் தயாரித்து அனுப்புகிறோம். யாருடைய பெயருக்கு அனுப்புவது என்று மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
கணக்கீட்டு ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.