கருவும் கருவியும்

கோட்டைப்பட்டினத்துக் கரையிலே கிழிந்த வலையைச் சீர்செய்து கொண்டிருந்த தோழர் ஒருவர், கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அண்ணே, தாயோட ரத்தத்த எடுத்து, வயித்துல இருக்குற புள்ளைக்கு என்ன நோயின்னு சொல்லிப்புடுறாங்களாமே! கடன ஒடன வாங்கியாவது அதைச் செஞ்சுபுடலாமா?"

கேள்வி சிறிது. அதன் பின்னே இருந்த கதையோ பெரிது. அவர் மணந்தது அக்காள் மகளை. முதற்குழந்தை ஓராண்டு நிறையுமுன் கண் மூடிற்று. என்ன நோய் என்று எவரும் எழுதித் தரவில்லை. "தலைவிதி" என்றார் ஒரு பெரியவர். "அவள் ராசி அப்படி" என்றாள் ஒரு கிழவி. இப்போது அந்தப் பெண் மீண்டும் கருவுற்றிருக்கிறாள், மூன்றாம் மாதம். இரவெல்லாம் உறக்கமில்லை, இருவருக்கும்.

அந்தத் தோழருக்குச் சொன்ன பதிலை, அவரைப் போன்ற ஆயிரமாயிரம் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது நமது கடமை.

அவர் கேள்விப்பட்ட சோதனை கட்டுக்கதையல்ல, உண்மை. தாயின் குருதியிலே கருவின் மரபணுத் துணுக்குகள் மிதக்கின்றன என்று 1997-இல் டென்னிஸ் லோ என்ற விஞ்ஞானியும் அவரது தோழர்களும் உலகுக்குக் காட்டினர். 2011 முதல் அது வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்தது. பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. கையிலே ஊசி குத்திக் கொஞ்சம் குருதி எடுத்தால் போதும். கருவின் குரோமோசோம்களின் கணக்கைச் சோதிக்கலாம். இருபத்தோராவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால், அது டவுன் நோய்க்குறி. அப்படியிருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்புவதே இச்சோதனையின் வேலை. உறுதி சொல்லப் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

நல்ல கருவிதான். ஆனால் நம் தோழரின் துயருக்கு இது மருந்தா? இல்லை!

ஏன் என்று கேளுங்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுவிலே கால் பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் அரைக்கால் பங்கு. ஒரே குறை இருவரிடமும் ஒளிந்திருக்கலாம். இருவரும் நலமாகவே இருப்பர். இருவரிடமிருந்தும் அந்தக் குறை ஒருசேரக் குழந்தைக்கு வந்தால்தான் நோய். அந்த வாய்ப்பு ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று. குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை இந்தக் குறையைக் காட்டாது. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். பழுது உள்ளே இருக்கும். கால் நோவுக்குத் தலையிலே பற்றுப் போட்டால் நோவு போகுமா?

அந்தப் பற்றின் விலை என்ன? தனியார் கூடங்களிலே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்! மீன்பிடித் தடைக்காலத்து 61 நாட்களுக்கு ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கிடைக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். அதையும் கொடுத்து, மேலும் கடன் வாங்கி, தமக்கு உதவாத ஒரு சோதனையைச் செய்து, "எல்லாம் சரி" என்ற தாளை வாங்கி வந்து, நிம்மதியாக உறங்குவார் நம் தோழர். அந்த நிம்மதி பொய்யானால் யார் பொறுப்பு?

அவருக்கு வேண்டியது வேறு. முதற்குழந்தையின் மருத்துவச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு மரபியல் தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். கணவன், மனைவி இருவர் குருதியையும் சோதிக்க வேண்டும். குறை இன்னதென்று தெரிந்தால்தான், பதினோராம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவிலோ, பதினைந்தாம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ அதைத் தேட முடியும். தேடுபவருக்குத் தேடும் பொருள் தெரிய வேண்டாமா?

இது ஒரு குடும்பத்துக் கதையா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்திலே மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவில் மணந்தவர்கள். சொத்து சிதறக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று கட்டிய முடிச்சு அது. பிறக்கும் பிள்ளையின் உடல்நலத்தையும் கேட்டுத்தான் முடிச்சுப் போட்டோமா?

இனி, இந்தக் கருவியின் இன்னொரு முகத்தைப் பாருங்கள். தாயின் குருதியிலே கருவின் மரபணு உண்டென்று லோ மெய்ப்பித்தது எப்படி? ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் குருதியிலே, ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமின் தடயத்தைக் கண்டுபிடித்து! கண்டுபிடிப்பு பிறந்த நாளிலேயே ஆபத்தும் உடன் பிறந்தது. ஆணா, பெண்ணா என்று இதனாலும் அறிந்துவிடலாம்.

நம் நாட்டிலே இது புது அனுபவமல்ல. கருவின் குறைகளைக் காண 1970-களில் பனிக்குட நீர்ச் சோதனை வந்தது. குறை தேட வந்த கருவி பெண்ணைத் தேடிக் கொல்லும் கருவியாயிற்று. 1994-இல் தடைச் சட்டம் பிறந்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. கருவின் பாலைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறெவ்வகையாலோ தெரிவிப்பது குற்றம். மூன்றாண்டு வரை சிறை. ஆயினும் 2001-இல் சேலம் மாவட்டத்திலே ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தாம். மற்றவர்கள் எங்கே? கள்ளிப்பால் பதில் சொல்லட்டும். கள்ள ஸ்கேன் பதில் சொல்லட்டும்!

பெண் பிறந்தால் மனைவியை ஏசும் வீரர்களே, ஒரு விஞ்ஞானப் பாடம் கேளுங்கள். தாய் தருவது எக்ஸ் ஒன்றே. எக்ஸா, ஒய்யா என்பது தந்தையின் அணுவிலிருந்து வருவது. ஏசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் கண்ணாடி பாருங்கள்!

சோதனையே வேண்டாமென்பவர் கட்சியல்ல நாம். அறியாமை ஏழையின் ஆபரணமல்ல. பணக்காரி அறியலாம், பரதவப் பெண் அறியக்கூடாது என்பது நியாயமா? அறிந்தபின் என்ன செய்வதென்று முடிவு கூறும் உரிமை அந்தத் தாய்க்கே. குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், அதையும் மனிதராக மதித்து வளர்க்கத் துணை நிற்பது நாட்டின் கடமை.

புதுக்கோட்டை மண் 1886-இல் ஒரு பெண்ணைப் பெற்றது. ஆண்கள் படித்த கல்லூரியிலே புகுந்து படித்து, 1912-இல் மருத்துவப் பட்டம் வென்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர். அவர் பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவி தரப்படுகிறது. நல்லது. அதே புதுக்கோட்டையிலே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது. நாம் கேட்பது இதுதான்: உறவில் மணந்தோருக்கும், குழந்தையை இழந்தோருக்கும், மரபணுச் சோதனையும் ஆலோசனையும் அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும். புரியும் தமிழிலே சொல்ல ஆள் வேண்டும். இறக்கும் ஒவ்வொரு குழந்தையின் நோயும் பெயரோடு பதிவாக வேண்டும்.

வலை பின்னும் தோழரே! நாளைக் காலை மனைவியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து அறந்தாங்கி வழியே புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கேளுங்கள். நாட்கள் ஓடுகின்றன, காத்திருக்காதீர்கள். "ராசி" என்று எவராவது அவளைச் சுட்டினால், "பாதி என்னுடையது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எந்தச் சோதனைக்கூடமும் வேண்டியதில்லை.